கதவைத் தட்டும் வரைக்கும்

ஐந்து மணிக்குக் கூலிம் சினிமாக் கொட்டகைக்கு வெளியே லாரி ஹார்ன் மூன்று முறை அடித்தது. திரையில் அப்போதுதான், செத்துப்போனதாக ஊரே நம்பிய பட்டாளத்துக்காரன் பத்து வருஷம் கழித்து வந்து தன் வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தான். தோட்டத்து ஆட்கள் முனகிக்கொண்டே எழுந்தார்கள். ஆறு மணிக்கு ஊரடங்கு. அதற்குள் தோட்டத்து முள்கம்பி வேலியின் கேட்டைச் சாத்திவிடுவார்கள். மலாயாவில் அவசரகாலம் தொடங்கியதிலிருந்து அந்த ரப்பர் தோட்டத்தில் ஒருவரும் எந்தக் கொட்டகைப் படத்தின் கடைசியையும் பார்த்ததில்லை.

“கிராணி ஐயா, எந்திரிங்க. அப்புறம் போலீஸ்காரன் உள்ள விட மாட்டான்லா” என்றாள் மரம் சீவும் காளியம்மா.

“நீங்க போங்க. நான் கூட்டாளி வீட்ல தங்கிட்டுக் காலையில வர்றேன்.”

பரஞ்சோதி பினாங்கில் காலேஜ் படித்தவன். தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் கிராணி. சினிமா என்றால் அவனுக்கு இளப்பம். அவன் மனைவி நவமணிதான் சம்பள ஞாயிறு தவறாமல் லாரியில் போய் வந்தாள். திரும்பும் நாற்பது நிமிஷத்தில், பார்க்காத முடிவை ஆளுக்கொரு விதமாகச் சொல்லிச் சண்டை போடுவார்களாம். கடைசியில் நவமணி ஒன்று சொல்வாளாம். அதுதான் முடிவு என்று எல்லோரும் ஒத்துக்கொள்வார்களாம். இதெல்லாம் அவள் காய்ச்சலில் போன பிறகு, லாரி ஓட்டும் அன்சார் சொல்லித்தான் அவனுக்குத் தெரியும்.

அன்சார் கூலிம் மளிகைக்கடைக்காரரின் ஆள். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் கண்ணாடி உடைந்த ஜன்னல். அதில் வாய் வைத்துத்தான் நவமணி பேசுவாளாம். போன மாதம் தோட்டத்துக் கடையில் மூட்டை இறக்கும்போது அவர் சொன்னார்.

“பேய்ப் படம்னா தங்கச்சிக்குச் சிரிப்புதான் ஐயா. ‘அண்ணே, இத்தன வருஷமா வெள்ளச் சீலையாவே கட்டுதே, அதுக்கு யாரு தொவச்சுப் போடுறா?’ங்கும். கத்திச் சண்டைப் படம்னா, ‘அடி வாங்குறவனெல்லாம் ரேஷன் அரிசிக்கு நிக்கிற மாதிரி ஒவ்வொருத்தனா வர்றான் பாருங்க’ங்கும். சாமி படத்துக்குப் பாதியில எந்திரிச்சாலும் நட்டமில்லயாம், சாமி எப்படியும் வந்துருமாம். கவர்மெண்டு வேன்ல வந்து காட்டுறாங்களே, அத மட்டும் கடசி வரைக்கும் பாக்க விடுறாங்க, அதுலதான் கதையே இல்லயாம்!”

கடையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். பரஞ்சோதிக்கு அத்தனையும் புதிது. தன் மனைவியின் பேச்சு இன்னொருவர் வாயிலிருந்து, அவள் இழுக்கும் இழுப்போடு, சூடாக வந்து விழுந்தது. அவளைப் புதைத்த அன்றுகூட அவனுக்கு ஒன்றும் தோன்றவில்லை. கை கால் மரத்தது போலத்தான் ஏழெட்டு மாதம் போனது. அன்றுதான் முதன்முதலாக உள்ளே ஏதோ எரிந்தது. அது சந்தேகம் இல்லை. அன்சார் அவளைத் தங்கச்சியாகத்தான் நினைத்தார். சந்தேகமாக இருந்திருந்தால் சட்டையைப் பிடித்திருக்கலாம். இது வெறும் பொறாமை. உடைந்த ஜன்னல் வழியாக அந்த மனிதருக்குக் கிடைத்தது தனக்குக் கிடைக்கவில்லையே என்ற பொறாமை.

கிடைக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. அவள் கடைசியாகப் பார்த்தது இதே பட்டாளத்துக்காரன் படம். வந்ததும் அவன் நாற்காலிப் பக்கத்தில் நின்று கேட்டாள்: “கதவத் தட்டுறான், அன்சார் அண்ணே ஹார்ன் அடிச்சிட்டாரு. நான் லாரியில ஒண்ணு சொல்லிட்டேன். நீங்க சொல்லுங்க, அவன் பொண்டாட்டி தெறப்பாளா?”

“சினிமாதானே” என்றான் அவன். பேப்பரைத் திருப்பினான். செவ்வாய்க்கிழமை அவளுக்குக் காய்ச்சல்.

இந்தச் சம்பள ஞாயிறு அதே படம் திரும்ப வந்திருந்தது. அன்சாரிடம் இல்லாத ஒன்று தன்னிடம் இருக்க வேண்டும் என்றுதான் அவன் வந்தான். பாதி காலியான கொட்டகையில் அசையாமல் உட்கார்ந்து பார்த்தான். கதவு திறக்கவில்லை. உள்ளே எரிந்த விளக்கு அணைந்தது. அந்த மனிதன் வந்த வழியே திரும்பி நடந்தான்.

மறுநாள் காலை அவன் தோட்டத்துக்கு வந்தபோது, ரப்பர் பால் நிறுக்கும் கொட்டகைப் பக்கம் லாரி நின்றது. அன்சார் ஓடிவந்தார்.

“ஐயா, பாத்துட்டீங்களா? கதைய சொல்லிறாதீங்க. தங்கச்சி சொன்னது சரியா தப்பா, அத மட்டும் சொல்லுங்க. எட்டு மாசமா நெஞ்சுக்குள்ள கெடக்கு.”

பரஞ்சோதி அவர் முகத்தைப் பார்த்தான். அவள் என்ன சொன்னாள் என்று கேட்டால் போதும். கேள்வி பல் வரைக்கும் வந்தது. கேட்டால், தனக்குத் தெரியாது என்று ஆகிவிடும், இந்த மனிதரின் முன்னால்.

“ஒங்ககிட்டயும் சொல்லியிருக்குமே” என்றார் அன்சார்.

“சொன்னா. அவ சொன்னதுதான் சரி. அப்படியேதான் இருக்கு.”

“நெனச்சேன்! நெனச்சேன்!” தோள் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு அவர் திரும்பி ஓடினார். “ஏ காளியம்மாக்கா! நம்ம தங்கச்சி ஜெயிச்சிருச்சு!”

பால் வாளிகளோடு வரிசையில் நின்ற பெண்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். காளியம்மா வாளியை இறக்கிவைத்தாள். இடுப்பில் கைவைத்து, தலையை ஒருபக்கம் சாய்த்தாள். அது நவமணி நிற்கும் நிலை. அவள் சொன்னதை அவள் மாதிரியே சொல்லிக் காட்டப் போகிறாள். பெண்கள் இப்போதே சிரிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

பரஞ்சோதி அவர்களை நோக்கி நடந்தான். பிறகு வேகமாக நடந்தான். கொட்டகையை எட்டுவதற்கு நாலு எட்டு இருக்கும்போது ஒருத்தி அவனைப் பார்த்துவிட்டாள். காளியம்மாவின் இடுப்பைக் கிள்ளினாள். காளியம்மா கையை இறக்கினாள். தலை நிமிர்ந்தது. பேச்சு நின்றது.

“ஐயா வர்றாரு, வழி விடுங்க.”

பெண்கள் இரண்டு பக்கமும் ஒதுங்கினார்கள். நடுவில் ஓர் ஆள் போகிற அளவுக்கு இடம் இருந்தது. யாரும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவர்கள் கையிலிருந்த வாளிகளில் பால் மட்டும் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.