இரண்டாந்தரம் கேட்கத் தெரியாத ஊர்

"எத்தினை பேர் எண்டு மட்டும் சொல்லும், மிச்சத்தை நான்..."

"எண்ணுறதுக்கு அங்கை ஆக்கள் இருந்தால்தானே..."

"ஒரு இருவது பேர் மனந்திரும்பினவை எண்டு சொன்னால் வாய் நோகுமோ?"

"பொய் சொன்னால் நோகும். பள்ளத்தைப் பாத்து ஓடுங்கோ."

செபநாயகம் பள்ளத்தைப் பார்க்கவில்லை. சைக்கிள் குலுங்கிய குலுங்கலில், கரியரில் ஒருபக்கமாக உட்கார்ந்திருந்த நேசமலர் ஒரு கையால் சேலைத் தலைப்பையும் மறு கையால் புருசனின் இடுப்புப் பட்டியையும் பிடித்துக்கொண்டாள். அச்சுவேலிச் சந்தைக்கு வெங்காயம் ஏற்றிப் போன இருவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். போர்த் தடையால் பெற்றோலைக் கண்டு வருடக்கணக்காகிவிட்ட ஊரில் புருசன் பெண்சாதிச் சண்டையெல்லாம் இப்படி நடுவீதியில்தான் நடக்கும்.

சண்டைக்குக் காரணம் நோர்வே. அங்கே கடலோரத்துச் சிற்றூர் ஒன்றின் சபையார் ஊழியத்துக்கு இலங்கையிலிருந்து ஆட்களைக் கேட்டிருந்தார்கள். விமானச் செலவு அவர்களுடையது. கொழும்புக்காரர் மூவரோடு சேர்ந்து போக, ஞாயிறு பள்ளி நடத்தும் நேசமலரைப் போதகர் அனுப்பிவைத்தார். கிளாலிக் கடலேரியில் வள்ளம் ஏறிக் கொழும்பு போய்ச் சேர்ந்த செலவும் கம்பளிச் சட்டைச் செலவும் மாதர் சங்கத்தின் பிடியரிசி. உலை வைக்கும்போதெல்லாம் ஊழியத்துக்கென்று ஒரு பிடி அரிசியைப் புறம்பாகப் போட்டு வைப்பது அந்தச் சபைப் பெண்களின் வழக்கம். அப்போது அரிசி விற்ற விலையில், தாம் அரை வயிறு உண்டு அந்தப் பிடியைப் போட்டவர்களும் இருந்தார்கள். இன்று ஆராதனை முடிய அவர்கள் முன்னால் நேசமலர் பயணத்தைப் பற்றிக் கதைக்க வேண்டும்.

"சங்கத் தலைவி தங்கமுத்தக்கா என்ன சொல்லித் திரியிறா தெரியுமோ?" செபநாயகம் மூச்சு வாங்கினார். "எங்கடை அரிசி பிளேன் ஏறிப் போய்ப் பனி பாத்திட்டு வந்ததாம். பலன் இல்லையெண்டால் பிடியரிசிப் பானையைக் கவிட்டு வைக்கப்போறாவாம். அவ கவிட்டால் மற்றவையும் கவிட்டிடுவினம். உம்மடை ஞாயிறு பள்ளிப் பிள்ளையளின்ரை கஞ்சியும் அதோடை சரி."

நேசமலருக்கு அது தெரியாமலில்லை. கஞ்சியை நினைத்துத்தான் அவளுக்கு இரவு முழுக்க நித்திரை வரவில்லை.

"அதுக்காகக் கர்த்தற்றை வீட்டிலை நிண்டு கதை அளக்கச் சொல்லுறீங்களோ?"

"சரி. ஒரு பத்துப் பேர்."

"நிப்பாட்டுங்கோ. நான் நடந்து வாறன்."

தேவாலயம் நிறைந்திருந்தது. மின்சாரம் போய் ஐந்து வருடமாகிறது, ஆகவே மைக்கும் இல்லை. முன்வரிசையில் தங்கமுத்து கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நேசமலர் எழுந்து நின்றபோது, ஆண்கள் பக்கமிருந்து செபநாயகம் ஒருவருக்கும் தெரியாமல் ஐந்து விரலைக் காட்டினார்.

"எனக்குப் பிரசங்கம் வராது," என்றாள் நேசமலர். "நான் அங்கை பசி கிடந்த கதையைச் சொல்லுறன்."

சபை நிமிர்ந்து உட்கார்ந்தது.

"நான் நிண்டது இங்கெபோர்க் எண்ட மனிசியின்ரை வீட்டிலை. புருசன் மீன்பிடிக்காரன், காலமாயிட்டார். தனிச்ச மனிசி. போன அண்டைக்கு மேசை நிறைய மீனும் பாணும் உருளைக்கிழங்கும். சாப்பிடுறீரோ எண்டு இங்கிலிசிலை கேட்டா. நான் என்ன சொல்லுவன்?"

"வேண்டாம் எண்டு," பெண்கள் பக்கம் நாலைந்து குரல்கள் ஒன்றாக எழுந்தன.

"வேறை என்ன சொல்லுறது? கேட்ட உடனை ஓம் எண்டால் எங்கடை வளர்ப்பைப் பற்றி என்ன நினைப்பினம்? வேண்டாம் எண்டு போட்டு, அவ இரண்டாந்தரம் கேக்குமட்டும் பாத்துக்கொண்டு இருந்தன். அவ தலையை ஆட்டிப்போட்டு எல்லாத்தையும் எடுத்து உள்ளை வைச்சிட்டா."

சிரிப்பு பின்வரிசை வரைக்கும் போனது.

"இராவுமோ?" என்று ஆண்கள் பக்கமிருந்து சிமியோன் மாஸ்டர் கேட்டார்.

"இராவும், அடுத்த நாளும். அவவுக்கும் கவலைதான், இந்தப் பொம்பிளை ஒண்டும் தின்னுதில்லையெண்டு. ஆனால் கேக்கிறது ஒருக்கால்தான். நான் கொண்டுபோன எள்ளுருண்டையைப் போர்வைக்குள்ளை வைச்சுக் கடிச்சன்."

போதகர் கைலேஞ்சியால் வாயை மூடிக்கொண்டார். தங்கமுத்து மட்டும் சிரிக்கவில்லை.

"பிறகு எப்பிடி உயிரோடை வந்தனீ?"

"வெக்கத்தை விட்டிட்டு, நான் சமைக்கிறன் எண்டு கேட்டன், அக்கா. கொண்டுபோன மாவிலை புட்டவிச்சன். தேங்காய்ப்பூ இல்லாத புட்டு, கல்லு மாதிரி. இன்னும் போடட்டோ எண்டு கேட்டன். வேண்டாம் எண்டா. எங்கடை முறைக்குப் போட்டன். திரும்பவும் வேண்டாம் எண்டா. திரும்பவும் போட்டன். கரண்டியை வைச்சிட்டு என்னைப் பாத்தா. கோவிச்சிட்டா எண்டு பயந்துபோனன். 'அவர் போன பிறகு என்னை ஒருத்தரும் இரண்டாந்தரம் கேக்கேல்லை' எண்டு சொன்னா. சொல்லிப்போட்டு முழுக்கத் திண்டா."

யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

"அந்த ஊரிலை எல்லாரும் அப்பிடித்தான், கதவைச் சாத்திக்கொண்டு தனித்தனிய. சேர்ச்சுக்கு வாறது கொஞ்சக் கிழடுகள். நான் வெளிக்கிடுற கிழமை இங்கெபோர்க் பக்கத்து வீட்டுக் கிழவரை ஆராதனைக்குக் கூப்பிட்டா. அவர் வரேல்லை எண்டிட்டார். திரும்பிப் போய்க் கேளுங்கோ எண்டு நான் தள்ளிவிட்டன்."

"வந்தாரோ?" தங்கமுத்து முன்னால் சாய்ந்திருந்தாள்.

"சேர்ச்சுக்கு வரேல்லை, அக்கா. சாப்பாட்டுக்கு வந்தார். ஒருத்தரும் மனந்திரும்பினதாய் எனக்குத் தெரியாது. உங்கடை அரிசி செய்தது இவ்வளவுந்தான்."

அவள் உட்கார்ந்தாள். ஆண்கள் பக்கம் செபநாயகம் கண்ணை மூடிக்கொண்டார். அது செபமா வேறு ஏதுமா என்று அவளுக்கு விளங்கவில்லை. ஆனால் நெஞ்சிலிருந்த பாரம் இறங்கியிருந்தது.

வெளியே வேப்பமரத்தடியில் அவர் சைக்கிளை எடுக்க, தங்கமுத்து வந்து ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, அந்தப் பானை..." என்று செபநாயகம் இழுத்தார்.

"பானைக்கென்ன? அது அடுப்படியிலை நிமிந்துதான் இருக்குது." அவள் நேசமலரை மேலும் கீழும் பார்த்தாள். தன் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். சுற்றியிருந்த பெண்கள் விலகிப் போகும்வரைக்கும் பொறுத்து, குரலைத் தாழ்த்தினாள்.

"குளிர் எனக்கு ஒத்துவராது, இப்பவே சொல்லிப்போட்டன். வேறை நாட்டிலையிருந்து ஒருத்தரும் ஆள் கேக்கேல்லையோ?"