ஆட்டுத் தோலின் அறைகள்

மைக்ராஸ்கோப்பு ரயிலில் வந்து ஆம்பூர் ஸ்டேஷனில் இறங்கிய நாளிலிருந்து முனீர் அகமதுவுக்குச் சோறு இறங்கவில்லை. பள்ளிக்கூடத்தில் எல்லோரும் அதைச் சந்தோஷம் என்று நினைத்தார்கள். அது பயம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றாம் வருஷம் அது. முனீருக்கு வயது இருபத்து நாலு. ஊரில் தோல் பதனிடும் முதலாளிகளில் ஒருவரான ரஷீத் அஹமது அவனைத் தன் செலவில் மதராஸுக்கு அனுப்பி சயன்ஸ் படிக்க வைத்தார். படித்து வந்ததும், தான் தலைவராக இருந்த கமிட்டிப் பள்ளிக்கூடத்திலேயே வாத்தியாராக உட்கார வைத்தார். மைக்ராஸ்கோப்பும் அவர் வாங்கிக் கொடுத்ததுதான். தனக்கு அதைச் சரியாகக் கையாளத் தெரியாது என்பது முனீருக்கு மட்டுமே தெரியும்.

மதராஸில் ஆறு பேருக்கு ஒரு மைக்ராஸ்கோப்பு. முண்டியடித்துக்கொண்டு போய்க் கண்ணை வைத்தால் அவனுக்குத் தன் இமைமயிர்தான் பூதாகாரமாகத் தெரியும். திருகைத் திருப்புவதற்குள் அடுத்தவன் தோளைத் தட்டுவான். அதனால் முனீர் ஓரமாக உட்கார்ந்து புத்தகத்துப் படத்தைப் பார்த்து வரைந்துவிடுவான். நல்ல படங்கள். முழு மார்க் வரும். பார்க்காத பட்டணத்தைப் பற்றிப் படித்துப் படித்தே அதன் தெருவெல்லாம் மனப்பாடமாகிவிடுவதுபோல அவனுக்கு செல்களைத் தெரியும். உயிருள்ளது எதுவானாலும் கண்ணுக்குத் தெரியாத செல்களால் ஆனது. ஒவ்வொன்றுக்கும் வெளியே ஒரு சவ்வு, உள்ளே கொழகொழவென்று உயிர்ச்சாறு, நடுவில் ஒரு கரு. இதை அவன் வகுப்பில் சொல்லும்போது பையன்கள் கொட்டாவி விடமாட்டார்கள். அவ்வளவு ஆசையாகச் சொல்லுவான்.

அந்த ஆசைதான் வாயைத் திறக்க வைத்தது. "சாச்சா, வெள்ளிக்கிழமை ஜும்மா முடிஞ்சு வாங்க. உங்க ஆட்டுத்தோல் எதால ஆனதுன்னு கண்ணால காட்டறேன். சின்னச் சின்ன அறையா இருக்கும்" என்று ரஷீத் அஹமதுவிடம் சொல்லிவிட்டான்.

வெள்ளிக்கிழமை காலை முழுக்கப் பதனிட்ட ஆட்டுத்தோலைச் சவரக்கத்தியால் சீவிச் சீவிக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தான். ஒரு அறையும் இல்லை. நூல்தான் இருந்தது. பிரித்துப்போட்ட பழைய கயிறுபோல, எங்கே ஆரம்பம் எங்கே முடிவு என்று தெரியாமல் பின்னிக்கிடந்த நூல். கண்ணாடியைத் துடைத்தான். மெலிசாகச் சீவினான். மறுபடியும் நூல். தன் கண்ணும் கையும்தான் சரியில்லை, மதராஸில் இருந்த லட்சணம்தானே என்று நினைத்துக்கொண்டான். புத்தகத்தில் இருப்பது பொய்யாகுமா?

மணி பன்னிரண்டு ஆனபோது பக்கத்துத் தெருவிலிருந்த வீட்டுக்கு ஓடினான். அக்கா சகீனா அடுப்பில் இருந்தாள்.

"ஆபா, ஒரு வெங்காயம் குடு."

"இன்னாடா, பள்ளிக்கூடத்துல சமையலா? தாளிக்க எண்ணெயும் தரட்டா?"

அவன் சிரிக்கவில்லை. வெங்காயத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரும்பி ஓடினான். உள்ளிதழின் மேல் ஒட்டியிருக்கும் கண்ணாடித்தாள் போன்ற சவ்வை உரித்து, ஒரு சொட்டு அயோடின் விட்டுப் பார்த்தான். திருகின் முதல் திருப்பிலேயே செல்கள் வரிசை வரிசையாக வந்து நின்றன. அவன் வாழ்க்கையில் முதல்முறையாக செல்லைப் பார்த்தான். அதைக் கொண்டாடக்கூட முடியாமல், மீதி வெங்காயத்தை மேஜை டிராயருக்குள் தள்ளி மூடினான்.

ரஷீத் அஹமது நாலைந்து வியாபாரிகளோடு வந்தார். அத்தர் வாசனையோடு குனிந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டார். மூச்சுவிடாமல் வெகு நேரம் பார்த்தார்.

"யா அல்லா! செங்கல் அடுக்கின மாதிரி இருக்கே! ஒவ்வொண்ணுலயும் மஞ்சளா ஒரு விதை!"

"அதுதான் கரு, சாச்சா. வீட்டுக்குப் பெரியவர் மாதிரி. உள்ளே நடக்கிறதெல்லாம் அவர் சொல்படி. சுத்தியிருக்கிற சவ்வு, வேணுங்கிற தீனியை உள்ளே விடும், கழிவை வெளியே தள்ளும். ஒரு செல் வளர்ந்து ரெண்டாகும், ரெண்டு நாலாகும். ஆடும் அப்படித்தான், நாமும் அப்படித்தான்."

சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் நிஜம். கண்ணாடிக்கு அடியில் இருந்தது மட்டும்தான் பொய்.

"என்னமோ அடுப்பங்கரை வாசனை வருதே" என்றார் ஒரு வியாபாரி.

"மருந்து வாசனை" என்றான் முனீர். காது மடல் சுட்டது.

அதோடு போயிருந்தால் ஒரு வெங்காயத்தோடு போயிருக்கும். ஆனால் ரஷீத் அஹமது பார்த்ததை மறக்கிற மனிதர் அல்ல. அடுத்த வாரம் அவனைத் தன் தோல் தொழிற்சாலைக்குக் கூப்பிட்டனுப்பினார்.

சுண்ணாம்புக் குழிகளின் ஓரத்தில் அவரும் வேலுவும் நின்றிருந்தார்கள். வேலு சுண்ணாம்புக் குழி மேஸ்திரி. இருபது வருஷமாக எந்தத் தோலை எப்போது குழியிலிருந்து தூக்க வேண்டும் என்பது அவன் தீர்மானம். பச்சைத்தோலை எட்டு நாள் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறவிட்டால்தான் மயிர் கழலும். அதற்கப்புறம்தான் தோலைப் பதப்படுத்தும் ஆவாரம்பட்டைத் தண்ணீர்.

"எட்டு நாள் ஜாஸ்தி" என்றார் ரஷீத் அஹமது. "வெத்திலைச் சுண்ணாம்பு ஒரு விரல் கூடினா நாக்கே பொத்துப்போகுது. எட்டு நாள் ஊறினா அந்த அறைச் சுவரெல்லாம் என்னாகும்? நாலு நாள்ல தூக்கு. சுவர் முழுசா இருந்தா தோல் பலமா இருக்கும்."

"சாயபு, நாலு நாள்ல மயிரு அசையாது. மேல் சவ்வு போவாது. தோலுக்குள்ள அறையெல்லாம் ஏது? கிழிச்சுப் பாத்தா நூலுதான் நிக்கும்."

"நீ கண்ணால பாத்தியா வேலு? நான் பாத்தேன். முனீர், நீயே சொல்லு இவனுக்கு."

இரண்டு பேரும் அவனைப் பார்த்தார்கள். நூல் என்ற வார்த்தை முனீரின் காதுக்குள் நின்றது. அன்று காலை முழுக்க அவன் பார்த்தது அதைத்தானே. அப்படியானால் கண் பழுதில்லை, கை பழுதில்லை. இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது: ஆட்டின் செல்லுக்குச் சுவரே கிடையாது. மெல்லிய சவ்வு மட்டும்தான். சுவர் செடிகொடிகளுக்கு. போன மாதம் அவனே போர்டில் எழுதிப்போட்ட பாடம்.

"ஆமா, சாச்சா" என்றான்.

வேலு அவனை ஒரு கணம் பார்த்துவிட்டு, "வாத்தியாரே சொல்றாரு" என்று தோல் புரட்டும் கோலை எடுத்துக்கொண்டு குழிப்பக்கம் போய்விட்டான்.

பதினைந்து நாளில் சேதி வந்தது. இரண்டு குழித் தோல் பாழ். மயிர் திட்டுத்திட்டாக ஒட்டிக்கொண்டு, பட்டைத்தண்ணீர் உள்ளே ஏறாமல், மேலே பழுப்பும் நடுவில் வெள்ளையுமாக விறைத்துப்போன தோல்கள். தன் பேச்சு மெய்யாக வேண்டும் என்று வேலு வேண்டுமென்றே கெடுத்துவிட்டான் என்றார் ரஷீத் அஹமது. வேலுவை அன்றைக்கே வெளியே அனுப்பிவிட்டார். இதைச் சகீனா சோறு போட்டுக்கொண்டே சொன்னாள். முனீர் தட்டை நகர்த்திவிட்டு எழுந்தான்.

போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று திங்கட்கிழமை நினைத்தான். செவ்வாய்க்கிழமையும் நினைத்தான். புதன்கிழமை பள்ளிக்கூடம் விட்ட பிறகு வேலுவே வந்தான்.

செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டுக் கதவோரமாக நின்றான். கையில் துணிமூட்டை. கைகளைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவியிருந்தான் என்பது தெரிந்தது. அப்படியும் சுண்ணாம்பு அரித்த விரல்கள் வெளிறித்தான் கிடந்தன.

"வாத்தியாரே, ஒரு ஒத்தாசை. இது அந்தக் குழித் தோலு, பட்டைத்தண்ணிக்குப் போறதுக்கு முன்னால எடுத்து வச்ச துண்டு. உங்க கண்ணாடில வச்சு, நான் எங்க தப்பு பண்ணேன்னு பாத்துச் சொல்லணும். இருவது வருசத்துல இப்படி ஆனதில்ல. வேற தோல் ஷாப்புல வேல கேட்டாலும், இன்னா தப்புன்னு தெரியாம எப்படிக் கேக்கறது?"

அவன் கிண்டல் செய்யவில்லை. முனீர் அவன் முகத்தில் கிண்டலைத்தான் தேடினான். இருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! கண்ணாடியை நம்பி வந்திருந்தான் வேலு. கண்ணாடி சொன்னால் அது தன் தப்புதான் என்று ஒத்துக்கொள்ளத் தயாராக வந்திருந்தான்.

முனீர் மூட்டையைப் பிரித்து, தோலில் ஒட்டியிருந்த ஒரு மயிரை வேரோடு பிடுங்கிக் கண்ணாடித் துண்டில் வைத்து அயோடின் விட்டான். இந்தத் தடவை அவசரப்படாமல் திருகைத் திருப்பினான். மயிரின் அடிவேரில், நசுங்கியும் கலைந்தும், ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லாமல், செல்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. சுவரில்லாத, உருண்டை உருண்டையான செல்கள். ஆட்டின் செல்கள்.

"பாரு" என்று நகர்ந்துகொண்டான்.

வேலு குனிந்தான். "தவள முட்ட மாதிரி கொழகொழன்னு ஒட்டிக்கினு இருக்கு."

"அதுதான் உயிரா இருந்தது. பிரிஞ்சு பிரிஞ்சு மயிரைத் தள்ளி வளர்த்தது அதுதான். மேல் சவ்வு முழுக்க அதுதான். ஆடு செத்ததும் முதல்ல அழுகறதும் அது. உன் சுண்ணாம்பு அதைத்தான் கழட்டி எடுக்குது. எட்டு நாள் இருந்திருந்தா இது ஒண்ணுகூட இருந்திருக்காது."

பிறகு தோலின் உட்பக்கத்தில் ஒரு மெல்லிய சீவல் எடுத்து வைத்தான். "இதையும் பாரு."

"நூலு" என்றான் வேலு உடனே.

"நூல்தான். அந்த நூலைச் சுரந்ததும் செல்லுங்கதான். ஆனா தோலாகி நிக்கிறது நூல் மட்டும்தான். நீ சொன்னது சரி."

வேலு நிமிர்ந்தான். நெற்றி சுருங்கியது. "அப்போ சாயபு பாத்த அறை?"

முனீர் மேஜை டிராயரைப் பார்த்தான். கடைசியில் சொன்னான்: "அது வெங்காயம்."

"இன்னாது?"

"வெங்காயத்துச் சவ்வு. தோல்ல எனக்கு அறை தெரியல. சொல்ல வெக்கமா இருந்தது."

வேலுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தோள் குலுங்க ஒரு சிரிப்பு. அது பாதியிலேயே நின்றது. துணிமூட்டையை எடுத்து மெதுவாக, மூலையோடு மூலை சேர்த்து மடிக்க ஆரம்பித்தான். மடித்ததையே மறுபடி மடித்தான். திட்டுவான் என்று முனீர் காத்திருந்தான். அவன் திட்டவில்லை.

அன்று சாயங்காலமே முனீர் ரஷீத் அஹமதுவின் ஆபீசுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னான்.  கோபத்தைவிடப் பெரியதாக ஒன்று அவர் முகத்தில் ஏறியிருந்தது.

"மதராஸ்ல தோல் வாங்கற துரைகிட்ட சொல்லிட்டு வந்திருக்கேன்டா. ஏஜென்டுங்க எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேன். அறை அறையா நானே பாத்தேன்னு." கையால் தாடியைத் தடவிக்கொண்டார். "வேலு நாளைக்கு வரட்டும். மன்னிச்சுட்டேன்னு சொல்லிச் சேத்துக்கறேன். இந்த வெங்காய விஷயம் நம்ம மூணு பேரைத் தாண்டக் கூடாது. உன் உத்தியோகத்துக்கும் அதுதான் நல்லது."

முனீர் தலையாட்டினான். வெளியே வந்தபோது நெஞ்சு லேசாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. ஆற்றங்கரை வரைக்கும் நடந்த பிறகுதான் ஏன் என்று தெரிந்தது. மன்னிப்பென்றால் வேலு தப்புச் செய்தவன் என்றாகிறது. தலையாட்டியதில் முனீர் மறுபடியும் "ஆமா, சாச்சா" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறான்.

மறுநாள் காலை வேலை தொடங்கும் முன் ஆட்கள் குழிகளைச் சுற்றிக் கூடியிருந்தார்கள். முனீர் வருவான் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. வேலு தலைகுனிந்து நின்றிருந்தான். ரஷீத் அஹமது சொல்லிக்கொண்டிருந்தார்: "இருபது வருஷ விசுவாசத்துக்காக இந்த ஒரு தடவை விடறேன். இனிமே பிடிவாதம்..."

"சாச்சா, அது வெங்காயம்" என்றான் முனீர். குரல் உடைந்து, வேண்டியதைவிடச் சத்தமாக வந்தது. "நான் காட்டினது ஆட்டுத்தோல் இல்லை, வெங்காயம். நாலு நாள் கணக்கு என் பொய்யால வந்தது. வேலு எதையும் கெடுக்கல. எட்டு நாள்னு அவன் அன்னைக்கே சொன்னான்."

 பின்னாலிருந்து யாரோ, "வெங்காயமாடா!" என்றான். சிரிப்பு குழியைச் சுற்றி ஓடியது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள், பொத்தாமலும் சிரித்தார்கள். "வெங்காய வாத்தியாரு!" அந்தப் பெயர் அந்த இடத்திலேயே விழுந்தது. சாயங்காலத்துக்குள் அது பள்ளிக்கூடத்துக்கும் போய்ச் சேரும், வகுப்பில் கடைசி பெஞ்சு வரைக்கும் போகும் என்று முனீருக்குத் தெரிந்தது. ரஷீத் அஹமது யாரையும் பார்க்காமல் திரும்பி ஆபீசுக்கு நடந்தார். அவருடைய முதுகைப் பார்க்கத்தான் முனீரால் முடியவில்லை. தன்னைப் படிக்க வைத்த மனிதரைத் தன் வாயாலேயே ஊர் சிரிக்க வைத்துவிட்டான். உத்தியோகம் இருக்குமோ என்னவோ.

வேலு சிரிக்கவில்லை. நன்றி சொல்லவும் இல்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சுவரில் சாத்தியிருந்த கோலை எடுத்து, அது தன் கோல்தானா என்று ஒரு முறை புரட்டிப் பார்த்தான். ஆட்கள் பச்சைத்தோல் கட்டைப் பிரித்துக் குழி ஓரத்துக்கு இழுத்து வந்தார்கள்.

முனீர் அங்கேயே நின்றிருந்தான். 

"ஓரமா நில்லுங்க வாத்தியாரே" என்றான் வேலு, அவன் பக்கம் திரும்பாமலே. "சுண்ணாம்புத் தண்ணி தெறிக்கும். கண்ணுல பட்டா பார்வை போய்டும்."

முனீர் ஓரமாக நகர்ந்து நின்றான். முதல் தோல் குழிக்குள் இறங்கியது.