வனேசாவின் குரலில் பேசிய ரயன்

"அங்கிள், உங்களுக்கு மீசை வந்துடுச்சு, குரலுக்கு மட்டும் ஏன் வயசே ஆகல?" என்று பினாங்கின் ஜெலுத்தோங்கில் நடந்த ஒரு பிறந்தநாள் விருந்தில் ஒரு சிறுமி ரயனிடம் கேட்டாள். பெரியவர்கள் அவளை அதட்டி உட்காரவைத்துவிட்டு மீண்டும் பிரியாணியைக் கவனித்தார்கள். பதில் அவர்கள் எல்லாருக்கும் தெரியும். முப்பது வயதைத் தாண்டிய ரயனின் தொண்டையில் இருந்தது அவன் குரல் அல்ல, வனேசாவின் குரல்.

ஏழு வயதில் ரயன் பினாங்கில் எடுக்கப்பட்ட ஒரு தமிழ்ப் படத்தில் நடித்தான். முகம் வானதூதரான சம்மனசின் முகம். குரலோ தகரத்தைத் தரையில் இழுப்பதுபோல் இருந்தது. ஆகவே டைரக்டர், மாதா கோயில் பாடற்குழுவில் பாடிக்கொண்டிருந்த அவன் வயதுப் பெண் வனேசாவை அழைத்துவந்து அவனுக்காகப் பேசவைத்தார். கூலி ஒரு பிளாஸ்டிக் பொம்மை. ஸ்டூடியோவை விட்டு வெளியே வந்த வனேசா தாயைக் கூப்பிட வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. அன்று மாலை ரயன் தன் வீட்டில் அவள் குரலில் சோறு கேட்டான். டாக்டர்கள் இரண்டு தொண்டைகளிலும் டார்ச் அடித்துப் பார்த்து, இரண்டும் நலம் என்றார்கள். பங்குச் சாமியார் மட்டும், பையன் அந்தப் பெண்ணின் வாசலில் போய் நின்று மனசார விட்டுக்கொடுத்தால் குரல் தானாகப் போய்ச் சேரும் என்றார். "படம் ஓடி முடியட்டும் ஃபாதர்" என்றார் ரயனின் தகப்பன். படம் இரண்டு வாரம்கூட ஓடவில்லை. ஆனாலும் அந்தப் பேச்சை யாரும் மறுபடி எடுக்கவில்லை.

அந்த ஒரு படத்தை வைத்தே ரயன் வாழ்ந்தான். கடைத் திறப்பு, கல்யாணம், தீபாவளி விற்பனை எதுவானாலும் மேடையேறி, "இன்ஸ்பெக்டர் சார், எங்கப்பா திருடன் இல்ல!" என்று குழந்தைக் குரலில் கதறிவிட்டுப் பண உறையை வாங்கிக்கொள்வான். ஓர் அரசியல்வாதியின் விருந்தில் இதையே சொன்னபோதும் யாரும் சிரிக்கவில்லை. எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அவன் கறுப்புக் கண்ணாடி அணிந்தான். ஆளில்லாத நடைபாதையிலும் கூட்டத்தை விலக்குவதுபோல் கையை வீசி நடந்தான். அவனைப் பார்க்க வந்தவர்கள் அவனைவிடச் சிறியவர்கள். அவனோடு படம் பிடித்துக்கொண்டு, அவன் முதுகு திரும்பியதும் அவனைப் போலப் பேசிக்காட்டிச் சிரித்தார்கள்.

வனேசா இதற்குள் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். இயந்திரங்களின் இரைச்சலில் அங்கே யாருக்கும் குரல் தேவைப்படவில்லை. வீட்டில் கையால் காட்டினால் தாய் அமலம்மாளுக்குப் புரிந்துவிடும். பிறகு சர்க்கரை நோய் அமலம்மாளின் கண்களைக் கொண்டுபோனது. பேச முடியாத மகளும் பார்க்க முடியாத தாயும் ஐந்தாம் மாடியில் ஒரு சிறு வீட்டில் உள்ளங்கையைத் தட்டித் தட்டி வாழ்ந்தார்கள். சோறா மருந்தா என்று தட்டலாம். மற்றது எதையும் தட்ட முடியாது.

அதனால் அமலம்மாள், பக்கத்து வீட்டு ரொஸ்னாவின் கையைப் பிடித்துக்கொண்டு, ரயன் பேசும் இடத்துக்கெல்லாம் போய்ப் பின்வரிசையில் உட்காரத் தொடங்கினாள். சூலியா தெருவில் ஒரு கைப்பேசிக் கடைத் திறப்பில் ரயன் அவளைக் கவனித்து, ரசிகை என்று எண்ணி, தன் படத்தில் கையெழுத்துப் போட்டு நீட்டினான்.

"கண்ணு தெரியாதவங்களுக்கு போட்டோவா? ரொம்ப நல்லாருக்கு லா" என்றாள் ரொஸ்னா.

அமலம்மாள் படத்தைப் பத்திரமாகப் பைக்குள் வைத்தாள். "தம்பி, நான் வனேசா அம்மா. ஒரே ஒரு தடவ என்னை 'ம்மா'ன்னு கூப்பிடுறியாப்பா?"

"டயலாக் மட்டும்தான் ஃப்ரீ, ஆன்ட்டி. மத்ததெல்லாம் சார்ஜ் பண்ணுவேன்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சிரித்தவர்களில் பாதிப் பேர் அன்று காலைதான் பூசை கண்டு வந்தவர்கள்.

சில வாரங்கள் கழித்து, பட்டர்வொர்த்தில் ஒரு சோபா விற்பனை மேடையில் ரயனுக்கு இருமல் வந்தது. வசனம் பாதியில் நின்றது. ஏற்பாட்டாளர் மைக்கைப் பிடுங்கினார். ரசிகர்கள் இலவச மீஹூன் நூடுல்ஸ் தீர்வதற்குள் வரிசைக்கு ஓடினார்கள். அமலம்மாள் மட்டும் நாற்காலிகளைத் தடவிக்கொண்டே அவனிடம் வந்து, பிளாஸ்க்கைத் திறந்து இஞ்சித் தண்ணியை ஊற்றினாள்.

"சூடா இருக்கு. ஊதிக் குடி."

"குரல் கெட்டுடக் கூடாதுன்னுதானே ஆன்ட்டி?"

"குரலு எங்க வீட்டுது. இருமல் உன்னோடதுதானே? குடிப்பா."

அவன் குடித்தான். மீண்டும் மேடையேறச் சொன்னபோது ஏறவில்லை.

ஒரு நாள் மத்தியானம் ரயன் அந்த ஐந்தாம் மாடிக்குப் படியேறிப் போனான். நடைவழியில் காய்ந்துகொண்டிருந்த துணிகளைத் தவிர யாரும் இல்லை. அமலம்மாள் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். வனேசா வேலையில் இருந்தாள். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, வாசலின் இரும்புக் கிரில்லைப் பிடித்துக்கொண்டு, 'அருள் நிறைந்த மரியே' செபத்தை மெதுவாக முழுதும் சொன்னான். கடைசியில் ஆமென் என்று வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. மணியை அடிக்காமல் இறங்கினான். கீழே காப்பிக் கடையில் அவன் தேநீரை விரலால் காட்டித்தான் வாங்கினான். அதன்பின் அவனை யாரும் மேடைக்கு அழைக்கவில்லை. குடித்தே குரலைக் கெடுத்துக்கொண்டான் என்று ஊர் சொன்னது, அவன் மறுக்கவில்லை.

அன்று மாலை தொழிற்சாலை பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த வனேசா, செருப்பைக் கழற்றிக்கொண்டே, ஏழு வயதுக் குரலில், "ம்மா, சாப்ட்டீங்களா?" என்றாள்.

"சாப்ட்டேன்" என்றாள் அமலம்மாள். "கிரில்லப் பூட்டிட்டு வா. நெறையப் பேசணும்."