பாகாலை ஏவிவிட்டேன்

மூன்று வருடமாக எங்கள் துறைமுக ஊரான உகாரித்தில் சொட்டு மழை இல்லை. என் பார்லிப் பயிர் முழங்காலைத் தாண்டவில்லை. கடைசியில் கோயிலில் சண்டைப்பாட்டு வைத்தார்கள். மழைச்சாமி பாகாலும் கடல்ராஜா யாமும் மோதிய கதையைப் பூசாரி உசினு பாடுவார். பாகால் தண்டத்தை ஓங்கும் இடம் வந்ததும் ஜனங்கள் "அடி! அடி!" என்று கத்த வேண்டும். அப்போதுதான் மழை இறங்கும்.

பாகால் அடிப்பது கடலைத்தான் என்பதால், வீட்டு ஆள் கடலில் இருந்தால் அந்தப் பாட்டுக்குப் போகக் கூடாது என்பது ஊர் வழக்கம். நான் போனேன். சரக்கு ஏற்றிப் போன என் புருஷன் நூமேனு அலாசியாத் தீவில் கரையேறியிருப்பான், காற்றுக்காலம் முடிந்துதான் திரும்புவான் என்று கணக்குப் போட்டேன். எல்லோரையும்விட உரக்கக் கத்தினேன். புத்தி கெட்டவள்.

பாட்டு முடிவதற்குள் பாகால் குடியிருக்கும் சபான் மலை கறுத்துவிட்டது. வெளியே வந்தால் கொட்டுகிற மழையில் ஊரே ஆடுகிறது. துறையிலிருந்து ஏறிவந்த படகோட்டி யபினு என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"என்னக்கா, உங்க ஆளு இன்னும் வந்து சேரலியா? எங்க பின்னாலதான வந்தான்!"

"கிளம்பிட்டாரா? இப்ப எதுக்குடா கிளம்பினாரு?"

"இந்த வருஷமும் பயிரு காயுதுன்னு யாரோ சொல்லியிருக்காங்க. நீங்க பட்டினி கெடப்பீங்களாம். படகு முங்க முங்க கோதுமை ஏத்தியிருக்கான். சொன்னாக் கேட்டாத்தானே!"

ஓடிப்போய்ப் பூசாரியின் காலில் விழுந்தேன்.

"சாமி, போதும்னு பாகால்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க."

"இப்ப அவரு நிறுத்தினா யாம் ஜெயிச்சிருவாம்மா. ஊரு மறுபடி காயட்டுங்கிறியா? ஆளைக் கடல்ல விட்டுட்டு நீ எதுக்கு இங்க வந்த?"

அவர் மேல் ஆத்திரம் வந்தது. சொன்னது நியாயம் என்பதால் இன்னும் ஆத்திரம். யாமிடம் கெஞ்சலாமென்றால், எந்த முகத்தோடு கெஞ்சுவது?

கரைக்கு ஓடினேன். துறை வாசலுக்கு வெளியே எங்கள் படகு, பாரத்தில் விளிம்பு வரை அமிழ்ந்து தத்தளித்தது.

"மூட்டையெல்லாம் தூக்கிப் போடுய்யா! எனக்கு எதுவும் வேணாம்யா!"

இடுப்பளவு தண்ணீரில் நின்று கத்தினேன். அவனுக்கு எட்டவில்லை. மூட்டைகளின் நடுவே எழுந்து நின்று, கோயில் மேட்டைப் பார்த்து இரண்டு கைகளையும் உயர்த்தினான். பாவி மனுஷன், தன்னைக் காப்பாற்றச் சொல்லிப் பாகாலைத்தான் கும்பிட்டான்.

கும்பிட்ட கை இறங்குவதற்குள் அலை படகைக் கவிழ்த்தது.