மேல்வரியில் ஒரே ஒரு மூச்சு

1

இந்தக் கதை தானாக என் தலையில் உதித்தது என்று சொல்லிக்கொள்ளத்தான் ஆசை. அப்படியெல்லாம் இல்லை. போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், சாப்பிட்ட தட்டைக்கூடக் கழுவாமல் உட்கார்ந்திருந்தபோது என் போனுக்கு ஓர் ஒலிப்பதிவு வந்தது. அனுப்பியவன் எங்கள் பழைய பாடகர் குழுவில் கடைசி வரிசையில் நின்றவன், இப்போது பல் வைத்தியன். 'கேளுங்கடா பசங்களா, வானொலிக்காரங்கள நச்சரிச்சு வாங்கிட்டேன்' என்று எழுதியிருந்தான்.

முப்பத்தெட்டு வருடங்களுக்கு முன்னால் இருபத்தாறு பையன்கள் சேர்ந்து பாடியது. நாலு நிமிடம், பத்து விநாடி. கடைசியில் ஒரு நீண்ட சுரம் வரும். அதன் நடுவில், மூன்று நிமிடம் ஐம்பத்திரண்டாவது விநாடியில், உச்சிச் சுரம் மட்டும் அறுந்துபோகிறது. அறுந்த இடத்தில் ஒரு பையன் 'ஹ்ஹா' என்று மூச்சை இழுப்பது துல்லியமாகக் கேட்கிறது.

பழைய பையன்கள் எல்லோரும் இருக்கும் போன் குழுவில் ஒரே கும்மாளம். 'பம்பு மூச்சுடா!' 'யப்பா, இன்னும் அடிக்குது பாரு!' நாற்பத்தொன்பது, ஐம்பது வயது ஆட்கள் எல்லோரும் பன்னிரண்டு வயதுக்குப் போய்விட்டார்கள். நானும் ஒரு சிரிப்புப் பொம்மையைப் போட்டேன். போட்டுவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன். ஏனென்றால் அந்த இருபத்தாறு பேரில் எனக்கு மட்டும்

(இந்த வாக்கியத்தை இப்போதைக்கு இப்படியே விடுகிறேன். முடிக்கத் தைரியம் வந்ததும் திரும்பி வருவேன்.)

2

முதலில் எழுதிய தொடக்கம்: 'அன்று காலை மழை பெய்து ஓய்ந்திருந்தது. வானொலி நிலையத்தின் படிகளில் ஈரமான—'

மழையாவது மண்ணாவது. அன்று சுள்ளென்று வெயில். எனக்கு எதையாவது மறைக்க வேண்டியிருந்தால் மழையைக் கொண்டுவந்துவிடுவேன், இது என் பழைய வியாதி.

இரண்டாவது தொடக்கம்: 'மாஸ்டர் ஈவிரக்கமில்லாத மனிதர்.'

இது இன்னும் வசதியாக இருந்தது. மூன்று பக்கம் ஓடியது. ஆனால் எங்களுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்த மாஸ்டர் அப்படிப்பட்டவர் இல்லை. சட்டைப் பையில் இசைக்கவையை வைத்திருப்பார், முழங்காலில் ஒரு தட்டுத் தட்டிக் காதருகே பிடித்துச் சுரம் கொடுப்பார். எங்கள் ஒத்திகை அறை தபால் நிலையத்துக்கு மேல்மாடி. கீழே கடிதங்களில் முத்திரை குத்தும் சத்தம் தாளத்துக்குச் சம்பந்தமே இல்லாமல் வந்துகொண்டிருக்கும். 'அந்த ஆளுக்கு மட்டும் தாளம் சொல்லிக்குடுத்தேன்னா நான் நிம்மதியா சாவேன்டா' என்பார். அவ்வளவுதான் அவர் கோபம். அவரை வில்லனாக்கினால் எனக்குத்தான் லாபம், கதைக்கு இல்லை.

இரண்டையும் மனைவியிடம் காட்டினேன். அவள் கண் மருத்துவமனையில் பார்வை சோதிக்கிறவள். நாள் முழுக்கக் கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டு 'முன்னது தெளிவா இருக்கா, இது தெளிவா இருக்கா' என்று கேட்பதுதான் வேலை. படித்துவிட்டுத் தாள்களைத் திருப்பிக் கொடுத்தாள்.

"ரெண்டுமே மங்கல்தான்," என்றாள்.

3

எங்கள் குழுவில் ஜோடி என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். இது புரியாவிட்டால் மேலே படித்துப் பயனில்லை.

ஒரு சுரத்தை முப்பது விநாடி விடாமல் இழுக்க எங்களில் ஒருவனாலும் முடியாது. ஆனால் குழுவால் முடியும். எல்லோரும் மூச்சு வாங்குவார்கள், ஒரே நேரத்தில் வாங்க மாட்டார்கள், அவ்வளவுதான் சூட்சுமம். பக்கத்தில் பக்கத்தில் நிற்பவர்களை இரண்டிரண்டு பேராக மாஸ்டர் ஜோடி சேர்த்துவிடுவார். மூச்சு தீரப்போகிறவன் தன் சுண்டுவிரலால் ஜோடியின் சுண்டுவிரலைத் தட்ட வேண்டும். அதற்கு எங்கள் குழுவில் 'சொல்றது' என்று பெயர். சொன்னதும் மற்றவன் தலைகீழாக நின்றாவது சுரத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும், முதலாமவன் திரும்பி வந்து சேரும்வரை.

"மூச்சு வாங்குறது தப்பே இல்லடா," என்பார் மாஸ்டர். "மனுஷன்னா வாங்கித்தான் ஆகணும். சொல்லாம வாங்குறான் பாரு, அவன்தான் திருடன்."

அந்தப் பாட்டின் கடைசிச் சுரத்தில் மேல்வரியை, அதாவது உச்சிச் சுரத்தை, எட்டக்கூடியவர்கள் எங்களில் இரண்டே பேர், பம்புவும் நானும். மற்ற ஜோடிகளில் ஒன்று சொதப்பினால் பக்கத்து ஜோடிகள் மூடி மறைத்துவிடும். எங்கள் ஜோடி விட்டால் ஊருக்கே கேட்கும்.

* பெயர்க் காரணம்: அவன் மூச்சை இழுத்தால் சைக்கிளுக்குக் காற்றடிக்கிற சத்தம் வரும், அதனால் பம்பு. நான் வாயைத் தேவைக்கு மேல் திறந்து பாடுவேன், அதனால் கொட்டாவி. இரண்டு பெயரையும் வைத்தது அந்தப் பல் வைத்தியன்தான். பிறர் வாயைப் பார்ப்பதே அவன் பிழைப்பாகும் என்று யாருக்குத் தெரியும்!

4

இப்போது கொட்டாவி என்ற பாத்திரத்தைப் பற்றி எனக்குச் சந்தேகம். 'நான்' என்று எழுதினால் அடுத்த வரி வரவில்லை என்று அவனைப் படர்க்கைக்கு மாற்றிப் பார்த்தேன்:

'கொட்டாவிக்கும் மூச்சு முட்டியது. நெஞ்சு எரிந்தது. பாவம், சின்னப் பையன். இருவருக்கும் ஒரே கணத்தில் மூச்சு தீர்ந்துபோனது விதியின்—'

மனைவி இந்த இடத்தில் விரலை வைத்தாள்.

"அந்தப் பதிவைப் போடுங்க."

போட்டேன். மூன்று நிமிடம் ஐம்பத்திரண்டு. ஹ்ஹா.

"இது யாரு?"

"பம்பு."

"உங்க மூச்சு எங்க?"

நான் தட்டைக் கழுவப் போனேன். பின்னாலேயே வந்தாள்.

"ரெண்டு பேருக்கும் ஒண்ணா தீர்ந்துச்சுன்னா ரெண்டு மூச்சு கேக்கணுமில்ல? ஒண்ணுதானே கேக்குது. உங்களுக்கு மூச்சு இருந்துச்சா, இல்லையா?"

பார்வை சோதிக்கிறவளைக் கட்டிக்கொண்டால் இதுதான் கதி.

5

இருந்தது.

அன்று காலை வானொலி நிலையத்துக்குப் போகிற வேனில் மாஸ்டர் சொன்னார், வெளியூர்க் கச்சேரியில் தனிப்பாட்டு பம்புவுக்கு என்று. எல்லோரும் அவன் முதுகில் அடித்தார்கள், நானும் அடித்தேன், கொஞ்சம் பலமாகவே. வயிற்றெரிச்சல் என்ற சொல்லை அதுவரை பெரியவர்கள் வாயில்தான் கேட்டிருந்தேன். உண்மையிலேயே வயிறு எரியும் என்பது அந்த வேனில்தான் தெரிந்தது.

பதிவறையில் சுவரெல்லாம் துளைபோட்ட அட்டை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பதிவுக்காரர். கடைசிச் சுரம் வந்தது. முதலில் நான் சொன்னேன், அவன் பிடித்தான், நான் நிறைய மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பி வந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவன் சொன்னான். அவன் சுண்டுவிரல் வியர்த்திருந்தது. என் விரலில் அது தெளிவாகத் தட்டியது.

நான் வாயை மூடினேன்.

ஒரே ஒரு எண்ணிக்கை நேரம்தான். நான் இல்லாவிட்டால் இவனால் ஒன்றும் ஆகாது என்பதை எல்லோரும் கேட்கட்டும் என்று நினைத்தேன். (பன்னிரண்டு வயதில் இவ்வளவு தெளிவாக நினைத்திருப்பேனா என்று கேட்கிறீர்கள். இதைவிடத் தெளிவாக நான் பிறகு எதையும் நினைத்ததில்லை.)

அடுத்த குழு வெளியே காத்திருந்ததால் மறுபடி பாட வழியில்லை. பதிவுக்காரர் நாடாவை ஓடவிட்டார். ஹ்ஹா. யாரோ கிளுக்கென்று சிரித்தான். மாஸ்டர் கண்ணை மூடிக் கேட்டார்.

"இது பம்பு மூச்சு," என்றார். அதோடு விடவில்லை, நியாயமான மனிதர். என் பக்கம் திரும்பினார். "அவன் சொன்னானா?"

"இல்ல மாஸ்டர். அவன் திடீர்னு விட்டதும் நானும் தடுமாறிட்டேன்."

பம்பு என்னைப் பார்க்கவில்லை. தன் சுண்டுவிரலைப் பார்த்தான். அது தன்னை ஏமாற்றிவிட்டதோ என்பதுபோல மடக்கி மடக்கிப் பார்த்தான்.

6

தனிப்பாட்டு எனக்கு வந்தது. பம்புவைக் கீழ்வரிக்கு மாற்றினார்கள். இரண்டு வாரம் நின்றான், மூன்றாவது வாரம் வரவில்லை. அவன் அம்மா குழுவின் வெள்ளைச் சட்டையைத் துவைத்து, தேய்த்து, காகிதத்தில் சுற்றி மாஸ்டரிடம் கொடுத்துவிட்டுப் போனார். நான் படிக்கட்டில் ஒதுங்கி அவருக்கு வழிவிட்டேன். "நல்லா பாடு தம்பி," என்றார்.

நன்றாகவே பாடினேன், அதுதான் கொடுமை. நாலு மாதத்தில் எனக்குத் தொண்டை கட்டி, குரல் உடைந்து, மேல்வரி என்னை விட்டே போய்விட்டது. நாலே மாதச் சங்கதிக்காக.

போன வாரம் பம்பு கூப்பிட்டான். இப்போது மின்தூக்கி பழுதுபார்க்கிறான். மாஸ்டருக்கு எண்பத்து மூன்று வயது. வருகிற ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் அதே மாடியில் கூடி அவர் முன்னால் அதே பாட்டைப் பாடுவதாக ஏற்பாடு.

"டேய் கொட்டாவி, ஞாயிறு வர்றேல்ல?"

"பாக்கணும்டா."

"என்னத்தப் பாக்கணும்? நீ வரலன்னா நான் யார் விரலத் தட்டுறது?" சிரித்தான். பிறகு, "என் பொண்ணுக்கு அந்தப் பாட்டப் போட்டுக் காட்டினேன். நடுவுல யாருப்பா இதுன்னா. அப்பாதான், அப்பாதான் கெடுத்தேன்னு சொல்லிட்டேன்."

நான் போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்டா. ரொம்ப வருஷம் நான் சொன்னேன்னுதான் நெனச்சிட்டிருந்தேன். விரல் பட்ட மாதிரியே இருந்துச்சு. அப்புறம் யோசிச்சுப் பாத்தேன். நீ எதுக்குப் பொய் சொல்லப்போற? நான்தான் சொல்லாம வாங்கியிருக்கேன். உன்னையும் மாஸ்டர் முன்னாடி நிக்க வச்சிட்டேன். மன்னிச்சிருடா."

இதற்கு நான் சொன்ன பதிலை ஆறு விதமாக மாற்றி எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அழுதேன். ஒன்றில் போன் துண்டிக்கப்பட்டது. உண்மையில் சொன்னது இதுதான்:

"பரவால்லடா. விடு."

அவனை நான் மன்னித்தேன், வாசகரே. பெருந்தன்மையாக.

7

முடிவுகள், கைவசம் உள்ளவை:

அ. ஞாயிற்றுக்கிழமை. கடைசிச் சுரம். பம்புவின் விரல் என் விரலைத் தட்டுகிறது. இந்தத் தடவை நான் பிடித்துக்கொள்கிறேன். பேச்சே இல்லாமல் எல்லாம் சரியாகிவிடுகிறது. (இரண்டு பேருக்குமே இப்போது மேல்வரி எட்டாது என்பது இருக்கட்டும். பேச்சே இல்லாமல் தீர்ப்பதில்தான் நான் கெட்டிக்காரன் ஆயிற்றே.)

ஆ. பம்புவுக்கு எல்லாம் முன்பே தெரியும். வேண்டுமென்றே மன்னிப்புக் கேட்டு என் வாயைக் கிளறினான். (அப்படியானால் விரல் பட்டது என்ற அவன் நினைவை நான் அவனிடமிருந்து பிடுங்கிக்கொள்ளவில்லை என்று ஆகிவிடும். வசதியான பொய்.)

இ. மாஸ்டருக்கு அன்றே தெரியும். என்னைத் தனியாக அழைத்து

வேண்டாம். மூன்றிலும் பாருங்கள், எனக்காகச் சுரத்தைப் பிடிப்பது ஒன்றில் பாட்டு, ஒன்றில் பம்பு, ஒன்றில் மாஸ்டர். நான் மூடிய வாய் மூடியபடி நிற்கிறேன்.

முதல் பகுதியில் விட்ட வாக்கியத்துக்கு இப்போது திரும்புகிறேன். ஏனென்றால் அந்த இருபத்தாறு பேரில் எனக்கு மட்டும்தான் தெரியும், பம்பு சொன்னான் என்று.

8

இந்த மாதிரிக் கதைகளில் முடிவை வாசகர் கையில் கொடுத்துவிட்டு எழுதுகிறவன் நழுவிவிடுவது வழக்கம். எனக்கும் அதுதான் திட்டம். ஆனால் பிடிக்க வேண்டிய இடத்தில் விட்டவன் நான். அதனால் முதலில் என் பங்கு.

இன்று சனிக்கிழமை, காலை பதினொன்று. சற்றுமுன் பம்புவுக்கு இதை அனுப்பினேன், அலங்காரம் எதுவும் இல்லாமல்:

'பம்பு, நீ சொன்ன. உன் விரல் என் விரல்ல பட்டுச்சு. எனக்கு மூச்சு இருந்துச்சு, நான்தான் விட்டேன். தனிப்பாட்டு உனக்குப் போச்சேன்னு. மாஸ்டர்கிட்ட பொய் சொன்னேன். நாளைக்கு அவர்கிட்டயும் சொல்றேன். நீ எதையும் கெடுக்கல. உன் பொண்ணுகிட்ட சொல்லு.'

மனைவி வாங்கிப் படித்தாள். "இது தெளிவா இருக்கு," என்றாள்.

செய்தி அவனுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அவன் இன்னும் பார்க்கவில்லை. ஏதாவது கட்டிடத்தில், இரண்டு மாடிகளுக்கு நடுவே, கையெல்லாம் கிரீஸோடு நின்றுகொண்டிருப்பான். மேலே வந்து, துணியில் கையைத் துடைத்து, போனை எடுப்பான். பிறகு என்ன செய்வான் என்று எனக்குத் தெரியாது. திட்டலாம். நாளைக்கு வராமல் போகலாம். வந்து என் பக்கத்தில் நிற்காமல் கீழ்வரியில் போய் நிற்கலாம். அதை எழுத எனக்கு உரிமை இல்லை. அவனைப் பற்றி ஒரு பொய் சொன்னதே ஒரு ஆயுளுக்குப் போதும்.

அதுவரை இந்தக் கதை அறுந்துவிடாமல் யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும். எனக்கு மூச்சு தீர்ந்துவிட்டது, இந்தத் தடவை நிஜமாகவே. இந்தப் பக்கத்தைப் பிடித்திருக்கும் உங்கள் சுண்டுவிரலைத் தட்டுகிறேன். பட்டதா?

பிறகு யாராவது உங்களிடம் 'அவன் சொன்னானா?' என்று கேட்டால், சொன்னான் என்று சொல்லுங்கள்.