நரியம்மாவின் கேள்வி

லிஃப்ட் மெக்கானிக்குக் கால் முறிந்தது லிஃப்டில் இல்லை. சொந்த வீட்டுக் குளியலறையில், சோப்பை மிதித்து.

இருபத்திரண்டு வருடம் உயரமான கட்டடங்களின் இருட்டுக் குழிக்குள் தொங்கி வேலை பார்த்தவரை ஒரு கீறல் விழாமல் காப்பாற்றிய கடவுள், குளியலறையில் மட்டும் கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டார் என்று அவர் மனைவி பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னாள்.

"கண்ணயரல. என்னை ஒரு இடத்துல உட்கார வைக்க அவருக்கு வேற வழி தெரியல" என்றார் மெக்கானிக்.

எட்டு வாரம் மாவுக்கட்டு. மூன்றாம் நாள் மச்சான் வந்தான். மனைவியின் தம்பி, கடைத்தெருவில் செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவன். கையில் ஒரு வீடியோ கேம் பெட்டி.

"வெளிநாட்டுலேர்ந்து பழைய சாமான் மூட்டையில வந்தது மாமா. உள்ளயே ஒரு விளையாட்டு இருக்கு. டிவியில மாட்டித் தர்றேன். அக்காவ நச்சரிக்காம விளையாடிட்டு இருங்க."

விளையாட்டு ஒரு சின்ன ஊர். வைக்கோல் தொப்பி போட்ட குள்ள மனிதன்தான் மெக்கானிக். அவனுக்கு ஒரு வீடு, ஒரு தோட்டம். சொற்கள் மட்டும் ஒன்றுகூடப் புரியவில்லை. எங்கோ தூர தேசத்து எழுத்து. குட்டி ஏணியும் குருவிக்கூடும் கலந்து வைத்தது போல் இருந்தது. எந்தப் பட்டனை அமுக்கினால் மண் கொத்தும், எதை அமுக்கினால் தண்ணீர் ஊற்றும் என்று தட்டித் தட்டியே கண்டுபிடித்தார். பூசணி விதைத்தார். கொடி காடாகப் படர்ந்தது.

பக்கத்து வீட்டில் ஒரு நரி இருந்தது. ஏப்ரன் கட்டிய பெண் நரி. விளையாட்டில் விடிந்ததும் மதிலருகே வந்து நின்று இவரைப் பார்த்துக் குதிக்கும். கிட்டே போனால் வாயைத் திறந்து ஏதோ கேட்கும். திரையில் எழுத்து ஓடும். பிறகு மேலும் கீழுமாக இரண்டு பதில்கள் வரும். ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மெக்கானிக் முதல் நாள் மேலே இருந்ததை அமுக்கினார். நரி காதுகளைத் தொங்கவிட்டது. ஒரு வரி சொல்லித் தலைகுனிந்தது. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டது.

மறுநாள் மறுபடி வந்தது. மறுபடி அதே கேள்வி; இவரும் அதே மேல் பதில். அந்த ஊர்க் கணக்கில் நாற்பத்தொரு நாள் இப்படியே போயிற்று.

"மச்சான், அவ ஏதோ கேக்குறாடா. நானும் தினம் ஏதோ பதில் சொல்றேன். என்ன சொல்றேன்னு எனக்கே தெரியல. அந்தக் காது தொங்குறதப் பாத்தா சோறு இறங்கல."

"கீழ இருக்கறத அமுக்கிப் பாருங்களேன் மாமா."

"என்ன வயருன்னு தெரியாமத் தொடச் சொல்றியா? என் வீட்டையே கேட்டாளோ என்னவோ. கேள்வி தெரியாம சரின்னு சொல்றதும் தப்பு, முடியாதுன்னு சொல்றதும் தப்பு."

துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்தாள். "கல்யாணமாகி இத்தனை வருஷம் நான் பேசுறது காதுல விழல. நரி பேசுறது மட்டும் இவருக்குப் புரிஞ்சாகணுமாம்."

மச்சான் பெட்டியைக் கையில் எடுத்தான். "ஒரு வழி இருக்கு. இந்த விளையாட்ட நமக்குப் புரியுற மொழியில யாரோ புண்ணியவான்கள் மாத்தி இன்டர்நெட்ல சும்மாவே போட்டிருக்காங்க. ஆனா இந்தப் பெட்டி வெளியாள் தர்ற எதையும் உள்ள விடாது. திறந்து, ஒரு சின்ன சிப் வச்சுச் சால்டர் பண்ணி, அதோட மூளைய மாத்தணும். மாத்திட்டா இது மட்டுமில்ல, உலகத்துல இருக்கிற எந்த விளையாட்டையும் ஓசியில போட்டுக்கலாம்."

"ஓசி விளையாட்டெல்லாம் வேண்டாம். செஞ்சவனுக்கும் வீடு வாசல் இருக்குமில்ல. மொழி மட்டும் மாத்துவியா?"

"மாத்தலாம். பத்துல ஒண்ணு திரும்ப எழுந்திருக்காது, அதையும் சொல்லிடறேன். போச்சுன்னா உங்க தோட்டமும் போச்சு, நரியும் போச்சு. கம்பெனிக்காரன் கிட்டக்கூட வர மாட்டான்."

மெக்கானிக் யோசித்தார். "ஞாயிற்றுக்கிழமை சொல்றேன்" என்றார்.

மச்சான் போன பிறகு பெட்டியைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார். அடியில் நான்கு ஸ்க்ரூ. ஒன்றின் மேல் வட்டமாக ஒரு சீல். திறந்து பார்க்கும் ஆசை அவருக்கு இல்லாமலா இருக்கும்? உள்ளே விசிறி எந்தப் பக்கம், பலகை எந்தப் பக்கம் என்று காற்று வரும் துளைகளை வைத்தே கணக்குப் போட்டார். காதருகே வைத்துக் குலுக்கிக்கூடப் பார்த்தார். ஆனால் நரியின் முகம் குறுக்கே வந்தது. பத்தில் ஒன்று. அந்த ஒன்று வந்துவிட்டால், அவள் என்ன கேட்டாள் என்பது கடைசிவரை தெரியாமலே போய்விடும்.

லிஃப்ட் வேலையில் அவருக்கென்று ஒரு வழக்கம் உண்டு. ஆள் உள்ளே மாட்டிக்கொண்டு மணி அடித்தால், புதிதாக வேலைக்கு வந்தவர்கள் நேரே மொட்டைமாடி மெஷின் அறைக்கு ஓடுவார்கள். இவர் ஓடமாட்டார். லிஃப்ட் நின்ற இடத்துக்குப் போய்க் கதவு இடுக்கில் வாயை வைத்து, "உள்ள யாரு? பயப்படாதீங்க, நான் வந்துட்டேன்" என்பார். பேசி முடித்த பிறகுதான் ஸ்பேனர். பாதி நேரம் உள்ளே இருப்பவர்களே என்ன நடந்ததென்று சொல்லிவிடுவார்கள்.

இந்தப் பெட்டி விஷயத்தில் இன்னும் யாரிடமும் பேசவே இல்லையே என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. ஆனால் யாரிடம் பேசுவது?

குட்டி ஏணியும் குருவிக்கூடும். அந்த எழுத்தை வேறெங்கோ பார்த்திருக்கிறார். எங்கே?

சனிக்கிழமை காலை பல் தேய்க்கும்போது நினைவு வந்தது. பூங்காவை ஒட்டிய ஏழு மாடிக் கட்டடம். அங்கே லிஃப்டுக்குள், அபாய மணிப் பட்டனுக்குக் கீழே, கட்டைவிரல் அளவில், அதே எழுத்தில் ஒரு துண்டுச் சீட்டு. லிஃப்டுக்குள் எதையும் ஒட்டக் கூடாது என்பது விதி. முன்பு சர்வீஸுக்குப் போனபோது அவரும் நகத்தால் ஒரு மூலையைக் கிளப்பினார். அப்புறம்தான் கவனித்தார்: ஈரம் படாதபடி நான்கு பக்கமும் டேப் போட்டு, கோணாமல், பொறுமையாக ஒட்டியிருந்தார்கள். யாருக்கோ இது வேண்டியிருக்கிறது என்று நினைத்து, கிளப்பிய மூலையை விரலால் அழுத்தி ஒட்டிவிட்டு வந்தார்.

ஞாயிறு காலை மச்சான் சால்டரிங் அயர்னோடு வந்து நின்றான்.

"அத அப்படி ஓரமா வை. டாக்சி கூப்பிடு" என்றார் மெக்கானிக். நரி பேசும் திரைகளையெல்லாம் செல்போனில் படம் பிடித்து வைத்திருந்தார்.

சீட்டு அங்கேயே இருந்தது. காவலாளி அவருடைய காலைப் பார்த்து, "லிஃப்ட் விழுந்துடுச்சா?" என்று பதறினான். சோப்புக் கதை தெரிந்ததும் சிரித்தான். சீட்டைப் பற்றிக் கேட்டதற்கு, "மூணாவது மாடி. மருந்துக்கடையில வேலை பாக்குற அம்மா. வீட்டுக்காரர் வெளியவே வர மாட்டார்" என்றான்.

கதவைச் சங்கிலி நீளத்துக்கு மட்டும் திறந்த அந்த அம்மா, மாவுக்கட்டோடு ஒருவரும் நரிப் படத்தோடு ஒருவரும் நிற்பதைக் கண்டு என்ன நினைத்தாரோ. மச்சான் படபடவென்று விஷயத்தைச் சொன்னான். அவர் செல்போனை வாங்கி, ஒவ்வொரு படமாகத் தம் மொழியில் சத்தமாக வாசித்தார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"எத்தனை நாளாகக் கேட்கிறாள்?" சொற்களைத் தேடித் தேடிப் பேசினார்.

"நாப்பத்தொரு நாளும்மா."

"அடடா! 'உங்கள் பூசணிக்கொடி சுவர் தாண்டி வந்திருக்கிறது. ஒரு காய் பறித்துக்கொள்ளலாமா?' இதுதான் கேள்வி. மேலே இருக்கும் பதில், 'முடியாது'. கீழே, 'எடுத்துக்கொள்ளுங்கள்'."

"மாமா!" மச்சான் சுவரைப் பிடித்துக்கொண்டான். "ஒரு பூசணிக்காய்க்கா?"

"அங்க எல்லாம் அழுகிக் கிடக்குதுடா" என்றார் மெக்கானிக், பரிதாபமாக. "காது தொங்கினப்புறம் ஒரு வரி சொல்வாளே, அது?"

"'பரவாயில்லை, நாளைக்குக் கேட்கிறேன்.'"

மெக்கானிக் செல்போனைத் திருப்பி வாங்கி அந்த வரியைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

அப்போது உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்டது. ஜன்னலோரம் நாற்காலியில் இருந்த மனிதர் ஏதோ சொன்னார். அந்த அம்மா சட்டென்று திரும்பினார். சங்கிலியை எடுத்துவிட்டுக் கதவை முழுதாகத் திறந்தார்.

"என்ன சொல்றார்?"

"சரியான கஞ்சன் என்கிறார்."

"யாரை?"

"உங்களைத்தான்." அவருக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. "மன்னியுங்கள். அவராக வாயைத் திறந்து எத்தனையோ நாள் ஆகிறது."

இரண்டு வருடத்துக்கு முன் கணவருக்கு மூளையில் ரத்தக்கட்டாம். பிழைத்துக்கொண்டார். இந்த ஊருக்கு வந்து கற்ற மொழி மட்டும் துடைத்தது போல் போய்விட்டது. தாய்மொழி மிச்சம். அதைப் பேச இங்கே அவர் மனைவி ஒருத்தி. அவரும் பகலெல்லாம் கடையில். ஒருமுறை கணவர் தனியாகப் போனபோது லிஃப்ட் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு அந்த அம்மா எழுதி ஒட்டிய சீட்டு அது: "பயப்படாதே. இதை அழுத்து. ஒருவர் வருவார்."

"அந்த ஒருத்தர் இவருதாம்மா" என்றான் மச்சான். "இன்னும் ஆறு வாரத்துக்கு மட்டும் அழுத்தச் சொல்லாதீங்க."

லிஃப்டில் இறங்கும்போது மெக்கானிக் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "மச்சான், மொழிய மாத்திட்டா இந்த எழுத்து இருக்குமா?"

"எப்படி இருக்கும் மாமா? அது போய்த்தான் இது வரும்."

"அப்ப ஸ்க்ரூவுல கை வைக்காத. பெட்டிய எடுத்துட்டு வா. அவர் படிக்கட்டும்."

"நரி பேசுறது உங்களுக்குப் புரிய வேண்டாமா?"

"வாரத்துக்கு ஒரு நாள் வந்து கேட்டுக்கறேன்."

அன்று பிற்பகலே பெட்டி மூன்றாவது மாடி டிவியில் மாட்டப்பட்டது. சீல் கலையவில்லை. மெக்கானிக்கின் மனைவியும் வந்திருந்தாள். பட்டன்களை அந்த மனிதரின் கையில் கொடுத்து, எது கொத்தும் எது ஊற்றும் என்று மெக்கானிக் சைகையில் காட்டினார். விளையாட்டில் நாற்பத்திரண்டாம் நாள் விடிந்தது. நரி மதிலருகே குதித்தது.

அந்த மனிதர் அவள் கேள்வியை ஒவ்வொரு எழுத்தாக, வாய்விட்டுப் படித்தார். பழைய நண்பர் ஒருவரின் குரலை அடையாளம் கண்டுகொள்வது போல் இருந்தது அவர் முகம். பிறகு கட்டைவிரலைக் கீழ்ப் பட்டன்மேல் வைத்து, தோட்டத்துக்காரரின் அனுமதிக்காக மெக்கானிக்கைப் பார்த்தார். மெக்கானிக் தலையை வேகமாக ஆட்டினார்.

நரியின் காதுகள் நிமிர்ந்தன. அதன் வாயிலிருந்து புதிதாக எழுத்து வந்துகொண்டே இருந்தது. ஒரு பக்கம் முடிந்து இன்னொரு பக்கம். அவர் படித்தார்; நடுவில் நிறுத்திக் குலுங்கிச் சிரித்தார்; தன் மனைவி பக்கம் திரும்பி ஏதோ சொல்லிவிட்டு மறுபடி படித்தார்.

"என்ன சொல்றா? என்ன சொல்றாம்மா?" மெக்கானிக் கட்டுப்போட்ட காலோடு முன்னால் நகர்ந்தார்.

அந்த அம்மா கணவரின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் கையை மட்டும் உயர்த்தினார்.

"கொஞ்சம் பொறுங்கள். அவர் முடிக்கட்டும்."