ஒரு மூட்டை யூரியா

புனேயின் கோந்த்வாவிலிருந்து போப்தேவ் மலைப்பாதை ஏறி சாஸ்வட் பக்கத்து வயல்களுக்குப் போவதுதான் மூன்று வருடமாக சுப்ரஜாவின் வேலை. யூரியாவையும் மோட்டார் ஓடும் நேரத்தையும் பாதியாகக் குறைக்கும் விவசாயிகளுக்கு, தங்கள் ஆலைப் புகையை ஈடுகட்டியதாகக் கணக்குக் காட்ட வெளிநாட்டுக் கம்பெனிகள் பணம் தரும். குறைத்தார்களா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது அவள். அங்கே ஓர் ஊரில் அறுபத்திரண்டு குடும்பங்கள் ஒரே குழு. ஒருவர் மீறினாலும் அந்த வருடம் யாருக்கும் எதுவும் கிடையாது. ஒருவரையொருவர் கண்காணித்துக்கொள்வார்கள் என்று நம்பி அந்த விதியை எழுதியதும் அவள்தான்.

ஜனவரியில் அந்தக் குழுவில் இருந்த வந்தனாவின் வெங்காயத் தாளில் கரும்பச்சையைப் பார்த்ததுமே, யூரியா அளவு மீறியிருக்கிறது என்று சுப்ரஜாவுக்குப் புரிந்துவிட்டது.

"தாள் மஞ்சளாகிக்கொண்டே போனது. கூடுதலாக ஒரு மூட்டை போட்டேன்," என்றாள் வந்தனா மராத்தியில். "எழுதிக்கொள்ளுங்கள்."

மற்ற அறுபத்தோரு வீடுகளை நினைத்து, 'மீறல் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள் சுப்ரஜா.

அதோடு முடியவில்லை. அடுத்த மாதம் மேலாளர் பக்தவத்சலம் கூப்பிட்டார்.

"பாதி யூரியாவுலயே அந்த வந்தனா வயல்தான் பிரமாதமா இருக்கு. கம்பெனிக்காரா நேர்ல பாக்க வரா. இதைக் காட்டி அடுத்த வருஷம் எல்லாரையும் இன்னும் கொறைக்கச் சொல்லிடலாம்."

"வேற வயலைக் காட்டலாமே சார்? அவங்க பேசத் தயங்குவாங்க."

"நீதான் பக்கத்துல இருப்பியே!"

ஜெர்மனியிலிருந்து இருவர் வந்தார்கள். ஊரே வரப்பில் நின்றது. பயிர் எப்படி இவ்வளவு செழிப்பாக இருக்கிறது என்று கேட்டார்கள். சுப்ரஜா அதை மராத்தியில் கேட்டாள்.

"அளவுக்கு மேல் ஒரு மூட்டை யூரியா போட்டேன்," என்றாள் வந்தனா உரக்க. "இந்த வயலைக் காட்டி மற்றவர்களை இன்னும் குறைக்கச் சொல்லாதீர்கள்."

விருந்தினர்கள் சிரித்த முகத்தோடு சுப்ரஜாவின் மொழிபெயர்ப்புக்குக் காத்திருந்தார்கள். கூடவே வந்திருந்த பக்தவத்சலம் இருபது வருடமாகப் புனேயில் இருப்பவர்; அவருக்கு ஒரு சொல் விடாமல் புரிந்திருந்தது.

"சாணக் கரைசல்னு சொல்லும்மா," என்றார் தமிழில், உதடு அசையாமல்.

ஆங்கிலத்தில் அப்படியே சொன்னாள். விருந்தினர் இருவரும் கைதட்டினார்கள். ஊரில் ஒருவரும் தட்டவில்லை. வந்தனாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் தான் சொன்னது போய்ச் சேரவில்லை என்று புரிய அந்தக் கைதட்டலே போதுமானதாக இருந்தது. சுப்ரஜாவை ஒருமுறை பார்த்துவிட்டு வயலுக்குள் இறங்கிப் போனாள்.

கார் கிளம்பும்போது பக்கத்து வயல்காரர் ஜன்னலருகே குனிந்தார்.

"அப்படியென்றால் நானும் ஒரு மூட்டை போடலாமா, மேடம்?"

அவர் கேலி செய்யவில்லை. அவருக்குப் பின்னால் இன்னும் நான்கு பேர் பதிலுக்காக நின்றிருந்தார்கள். போடலாம் என்று சுப்ரஜா தலையசைத்தாள்.